அருளும் அச்சமும்: பிறவுயிர் காப்போர் தம்முயிர் பேணுதல் பற்றிய ஓர் அறவியல் நோக்கு

பிறவுயிர்களிடத்து இரக்கங் கொள்ளுதல் அறம் என்பதைத் தமிழுலகம் எக்காலத்தும் மறுத்ததில்லை. புறாவொன்றைக் காக்கும் பொருட்டுத் தன்னுடலை அரிந்து துலாக்கோலில் இட்ட சிபியின் கதையும், முல்லைக்கொடிக்குத் தேர் ஈந்த பாரியின் கதையும், மயிலுக்குப் போர்வை அளித்த பேகனின் கதையும் பாடசாலை வகுப்பறை முதல் பட்டிமன்ற மேடை வரை சொல்லப்பட்டு வருகின்றன. ஆயினும், இக்கதைகளைப் போற்றுவோர் பெரும்பாலும் எழுப்பாத வினா ஒன்றுண்டு. பிறவுயிரைக் காக்க முற்படுபவன் தன்னுயிரை எந்த எல்லை வரை பணயம் வைக்கலாம்? அவ்வாறு வைத்தல் அவனது கடமையா, உரிமையா, அன்றேல் அறியாமையா? காயமுற்ற பறவையையும், வீட்டினுள் நுழைந்த பாம்பையும், கிணற்றில் வீழ்ந்த விலங்கையும் மீட்கும் தொண்டில் இளைஞர் பலர் ஈடுபட்டுவரும் இக்காலத்தில், இவ்வினா ஏட்டளவில் நின்றுவிடக்கூடியதன்று.

யாழ்ப்பாணக் குடாநாட்டில், வலிகாமம் கிழக்கில் அமைந்த புத்தூரை இவ்வினாவுக்குரிய நிலக்களனாகக் கொள்ளுதல் பொருத்தமுடையது. வற்றாத ஆறெதுவும் இல்லாத குடாநாட்டின் வேளாண்மை கிணற்றையே நம்பி நிற்பது. சுண்ணாம்புக்கல்லின் மேற்படிந்த செம்மண்ணில் வெங்காயமும் புகையிலையும் மரக்கறியும் விளையும் தோட்டங்களிடையே கிணறுகள் பரந்து கிடக்கின்றன. புத்தூரிலிருந்து சுன்னாகம் செல்லும் வீதியில், நவக்கிரியில் உள்ள நிலாவரைக் கிணறு, மேற்பகுதியில் நன்னீரையும் ஆழத்தில் உவர்நீரையும் கொண்டு, அடிகாண இயலாதது என்ற பெயருடன் தலைமுறை தலைமுறையாகப் பேசப்பட்டு வருவது. கிழக்கே வாதரவத்தைப் பக்கம் சென்றால் தரவை வெளியும் கடனீரேரியும் விரிகின்றன. மாரிகாலத்தில் வலசைப் பறவைகள் வந்திறங்கும் இடம் அது. மனிதனும் வளர்ப்பு விலங்கும் காட்டுயிரும் ஒன்றன் எல்லையை மற்றொன்று மிதியாமல் வாழ இயலாத நிலம் இது. கட்டில்லாக் கிணற்றில் ஆடு வீழ்வதும், வைக்கோற் போரினுள் நாகம் புகுவதும் இத்தகைய ஊர்களில் அரிய நிகழ்ச்சிகள் அல்ல. அவ்வேளைகளில் “ஆராவது இறங்குங்கோ” என்ற குரல் எழும். இறங்குபவர் பெரும்பாலும் இளைஞராகவே இருப்பர். இறங்கியவரைக் கரையில் நிற்போர் பாராட்டுவர். அவருடைய இடுப்பிற் கயிறு கட்டப்பட்டுள்ளதா என நோக்குவோர் சிலரே.

இக்கயிற்றின் பொருள் யாதென்பதை அண்மைக்கால நிகழ்ச்சியொன்று கொடுமையாக விளக்கியது. 2024 ஏப்ரலில் மகாராட்டிர மாநிலத்தின் அகமதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்த வாக்கடி என்னுங் கிராமத்தில், பூனையொன்று பாழ்ங்கிணற்றில் வீழ்ந்தது. சாணவாயு உற்பத்திக்குரிய குழியாக அக்கிணறு பயன்படுத்தப்பட்டு வந்தது. பூனையை மீட்க ஒருவர் இறங்கினார். அவர் மேலே வரவில்லை. அவரை மீட்க மற்றொருவர் இறங்கினார். இவ்வாறு ஒருவர்பின் ஒருவராக ஐவர் உயிரிழந்தனர். இறங்கியவர்களுள் ஒருவர் மட்டும் உயிருடன் மீட்கப்பட்டார். அவர் தம் இடுப்பிற் கயிறு கட்டிக்கொண்டு இறங்கியவர்.

சாணமும் கழிவும் அழுகும் மூடிய இடங்களில் மெதேன், காபனீரொட்சைட்டு, ஐதரசன் சல்பைட்டு ஆகிய வாயுக்கள் உண்டாகி ஒட்சிசனை வெளித்தள்ளிவிடும். அங்கே இறங்குபவர் சில மூச்சுகளுக்குள் நினைவிழப்பர். உதவி கேட்டுக் கூவுவதற்கும் அவருக்கு அவகாசம் இராது. மேலே நிற்பவர் அதனை வழுக்கி வீழ்ந்ததாகவோ மயக்கமாகவோ கருதித் தாமும் இறங்குவர். மலக்குழி, பாழ்ங்கிணறு ஆகியவற்றிற் பலர் ஒருசேர மாண்ட செய்திகளின் பின்னணியில் இக்காரணமே பெரும்பாலும் இருந்துவந்துள்ளது. ஈண்டு ஊன்றி நோக்கத்தக்கது யாதெனின், முதலாமவர் பூனையின் பொருட்டு இறங்கினார். ஏனையோரோ மனிதரின் பொருட்டே இறங்கினர் என்பதாகும். தம்முயிரை மட்டுமே பணயம் வைப்பதாக முதலாமவர் எண்ணியிருக்கலாம். உண்மையில், தம்மை நேசித்த அனைவரது உயிரையும் அவர் தம்மை அறியாமலே அக்கிணற்றின் விளிம்பிற்கு அழைத்து வந்திருந்தார்.

இவ்விடத்திலேதான் பழந்தமிழ் மரபின் ஓர் அரிய வேறுபாடு துணைக்கு வருகின்றது. பயன் நோக்காது, அளவு நோக்காது, பெறுவார் தகுதியும் நோக்காது ஈதலைப் பண்டையோர் ‘கொடைமடம்’ என்றனர். மடம் என்பது அறியாமையே. ஆயினும் கொடையின்கண் தோன்றும் அறியாமை இழிவாகக் கருதப்படாது புகழாகவே கொள்ளப்பட்டது. முல்லை தேரேறாது, மயில் போர்வை உடுத்தாது என்பதை அக்காலத்தாரும் அறிவர். எனினும் பேகனைக் குறித்துப் பாடிய பரணர் கொடைமடத்தோடு நின்றுவிடவில்லை. ‘படைமடம்’ என்னும் பிறிதொன்றையும் அருகே வைத்து, ஈகையிற் கணக்குப் பாராத அவ்வள்ளல் போர்த்தொழிலில் அத்தகைய அறியாமைக்கு இடங்கொடான் எனப் புறநானூற்றில் வரையறுத்தார். ஒரே மனிதனிடத்து ஓர் அறியாமை போற்றப்பட, மற்றோர் அறியாமை இல்லை என்பதே போற்றப்படுகின்றது.

இவ்வேறுபாட்டின் காரணத்தை ஆராய்தல் தகும். கொடுப்பவன் அறியாமையாற் கொடுத்தால் இழப்பு அவனுடைய பொருளோடு நின்றுவிடுகின்றது. படை நடத்துபவன் அறியாமையால் நடத்தினாலோ, அவனைப் பின்பற்றி வந்தோர் அழிகின்றனர். எனவே, எங்கே ஒருவனது செயலிற் பிறருயிர் பிணைந்துள்ளதோ அங்கே மடம் அழகாகாது. இனி, உயிர்மீட்புத் தொண்டு கொடையைச் சார்ந்ததா, படையைச் சார்ந்ததா? உள்ளுணர்ச்சியால் அது கொடையை ஒத்தது. அதன் தோற்றுவாய் ஈரநெஞ்சமே. நடைமுறையாலோ அது படையையே ஒத்தது. அங்கே பகையிருட்டு உண்டு, கூட்டாளிகள் உண்டு, ஒருவன் வீழ்ந்தால் அவனைத் தூக்கச் செல்வோரும் உண்டு. மீட்புத் தொண்டைக் கொடையாக மட்டுமே எண்ணிப் பழகியமையே அதிற் காணப்படும் பெரும்பிழைகளுக்கு மூலம் எனலாம்.

மேனாட்டு அறவியலாரின் புகழ்பெற்ற எடுத்துக்காட்டொன்றும் இத்தொடர்பில் மறுபரிசீலனைக்குரியது. விலங்குரிமை பற்றிய சிந்தனையிலும் பெயர்பெற்ற பீற்றர் சிங்கர், 1972இல் வெளியிட்ட கட்டுரையொன்றில், குளத்தில் மூழ்கும் குழந்தையைக் கண்ட ஒருவன் தன் ஆடை சேறாகும் என்பதற்காக அதனைக் காவாது செல்லல் தகுமா என வினவினார். ஒத்த பெறுமதியுடைய எதனையும் இழக்காது ஒரு தீங்கைத் தடுக்க முடியுமாயின் அதனைத் தடுத்தல் கடமை என்பது அவர் முடிபு. இவ்வாதத்தின் வலிமை முழுவதும் ஒரு சிறிய அடைமொழியிற் தங்கியுள்ளது. அவர் காட்டிய குளம் ஆழமற்ற குளம். அங்கே சேறாவது ஆடை மட்டுமே. வாக்கடிக் கிணறு அத்தகையதன்று. குடாநாட்டுப் பாழ்ங்கிணறும் அத்தகையதன்று. ஆகவே மீட்பவனின் முதற்கடமை, தன் எதிரே உள்ள நீர் ஆழமானதா ஆழமற்றதா என அறிதலாகும். அறிதல் இங்கே கருணைக்கு முற்பட்ட வேறொரு பணியன்று. கருணையின் முதற் செயலே அதுவாகும்.

இவ்வாறு கூறுங்கால், இது கோழைமைக்குத் தத்துவச் சட்டை அணிவிப்பதாகாதா என்ற ஐயம் எழலாம். வள்ளுவர் அஞ்சத்தக்கவற்றுக்கு அஞ்சுதலைப் பற்றிப் பேசுமிடம் அறிவுடைமை என்னும் அதிகாரமாகும். அத்தகைய அச்சத்தை அவர் அறிவுடையோரின் தொழிலாகவே கொண்டார். அரிஸ்டோட்டிலும் வீரத்தைக் கோழைமைக்கும் கண்மூடித் துணிவுக்கும் இடைப்பட்ட நிலையாகக் கண்டார். அச்சமே அறியாதவனை அவர் வீரனெனக் கொள்ளவில்லை. உரியதற்கு, உரிய அளவில், உரிய காலத்தில் அஞ்சத் தெரிந்தவனே அவர் நோக்கில் வீரன். இருவேறு நிலங்களில் இருவேறு காலங்களில் வாழ்ந்த சிந்தனையாளர் இருவரும் அச்சத்தை அறிவோடு இணைத்தமை கருதத்தக்கது. கையுறை அணிந்து விலங்கைத் தொடும் தொண்டன், வெறுங்கையால் தொடுபவனிலும் அன்பிற் குறைந்தவன் அல்லன், அறிவில் மிகுந்தவன்.

கண்ணுக்குத் தோன்றும் ஆழத்திலும் தோன்றா ஆழம் கொடியது. விசர்நாய்க்கடி எனப்படும் நீர்வெறுப்பு நோய் நாயால் மட்டுமன்றிப் பூனை, கீரி, நரி முதலிய பாலூட்டிகளாலும் மனிதனைச் சேரக்கூடியது. நோயின் குறிகள் தோன்றியபின் பிழைத்தல் அரிதினும் அரிது. தோன்றுமுன் உரிய தடுப்பூசி ஏற்றப்படின் நோயைத் தவிர்த்தல் எளிது. மரணத்துக்கும் வாழ்வுக்கும் இடையிலுள்ள தூரம் இத்துணைச் சிறியதாக உள்ள நோய்கள் அதிகமில்லை. 2019இல் இருபத்துநான்கு வயதுடைய நோர்வே நாட்டுப் பெண்ணொருவர் இந்நோயால் இறந்தார். பிலிப்பைன்சுக்கு விடுமுறைக்குச் சென்றிருந்தபோது, தெருவோரம் ஆதரவின்றிக் கிடந்த நாய்க்குட்டியை எடுத்து நீராட்டிப் பேணியமையே அதற்குக் காரணமாயிற்று. குட்டி விளையாட்டாகக் கடித்ததில் உண்டான கீறல்கள் வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டியவையாக அவருக்குத் தோன்றவில்லை. காயத்தைச் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவுதலும், தாமதியாது தடுப்பூசி பெறுதலும் அவ்வுயிரைக் காத்திருக்கக்கூடும்.

குடாநாட்டின் அண்மைய அனுபவமும் இதற்குச் சான்றாகும். 2024 நவம்பர் இறுதியில் ஏற்பட்ட வெள்ளத்தையடுத்து, டிசெம்பரில் யாழ்ப்பாணத்திற் பரவிய காய்ச்சல் முதலிற் காரணம் புலப்படாததாய் இருந்து, பின்னர் எலிக்காய்ச்சல் என உறுதிசெய்யப்பட்டது. அதனாற் பலர் உயிரிழந்தனர். எலி, மாடு, நாய் ஆகியவற்றின் சிறுநீர் கலந்த நீரிலிருந்து, தோலிலுள்ள சிறு புண் வழியாகவும் இக்கிருமி உடலினுட் புகும். வெள்ளத்தில் தத்தளிக்கும் விலங்கை முழங்கால் நீரில் நின்று மீட்பவன், விலங்கினது பல்லுக்கும் கொம்புக்கும் அஞ்சுவான். தன் காலிலுள்ள வெடிப்புக்கு அஞ்சமாட்டான். அச்சம் தவறான இடத்தில் வைக்கப்படுதல் அச்சமின்மையைப் போன்றே ஆபத்தானது.

அனுபவமுடையோர்க்கு இவ்வெச்சரிக்கைகள் வேண்டியதில்லை எனச் சிலர் கருதுவர். அமெரிக்கப் பாம்பியல் அறிஞர் ஜோசப் சுலோவின்ஸ்கி 2001 செப்டெம்பரில் வட மியன்மாரில் மாண்ட வரலாறு அக்கருத்தை மறுக்கின்றது. நஞ்சற்ற பாம்பொன்று இருப்பதாக எண்ணிப் பைக்குள் அவர் கையிட்டார். கடித்ததோ கட்டுவிரியன் இனத்தைச் சேர்ந்த பாம்பு. தோழர்கள் பல மணிநேரம் மாறிமாறித் தம் மூச்சை அவருக்கு ஊட்டினர், உதவி வந்துசேரவில்லை. பாம்புகளைப் பற்றி அவரளவு கற்றோர் உலகிற் சிலரே. அறிவு அவரிடம் குறைந்திருக்கவில்லை. ஒருமுறை ஒரு பையைத் திறக்குமுன் சோதித்துப் பார்க்கும் ஒழுங்கே குறைந்திருந்தது. ஆதலின் பாதுகாப்பு என்பது அறிவின் உடைமையாக மட்டுமன்றி, ஒவ்வொரு முறையும் புதிதாகக் கைக்கொள்ள வேண்டிய ஒழுக்கமாகவும் அமைகின்றது. ‘நூறு பாம்பு பிடித்தவன்’ என்ற பெருமை நூற்றோராவது பாம்பிடம் செல்லுபடியாவதில்லை.

இனி, இவ்வாதத்துக்கு எதிராகக் கூறப்படக்கூடிய வலுவான தடையொன்றையும் நேர்மையோடு நோக்குதல் வேண்டும். ஆபத்திலுள்ள உயிர் காத்திருக்கமாட்டாது. கையுறையும் கயிறும் அனுமதியும் வரும்வரை நின்றால் மீட்பதற்கு எதுவும் எஞ்சியிராது என்பதே அத்தடை. இதில் உண்மை இல்லாமலில்லை. 2020 நவம்பர் 2ஆம் நாள் பாணந்துறைக் கடற்கரையில் நூற்றுக்கு மேற்பட்ட பைலட் திமிங்கிலங்கள் கரையொதுங்கின. கொரோனாத் தொற்றின் பொருட்டு ஊரடங்கு நிலவிய வேளை அது. எனினும் ஊர்மக்கள் திரண்டனர். கடற்படையினரும் கரையோரப் பாதுகாப்புப் படையினரும் இணைந்தனர். இரவு முழுதும் நீரில் நின்று அவற்றை ஆழ்கடல் நோக்கித் தள்ளினர். சில இறந்தன, பெரும்பாலானவை கடலுக்கு மீண்டன. ஒவ்வொருவரும் விதிக்குக் காத்திருந்தால் இது கைகூடியிராது.

ஆயினும் பாணந்துறையையும் வாக்கடியையும் ஒருங்கு வைத்து நோக்குமிடத்து ஓருண்மை புலனாகும். பாணந்துறையில் இறங்கியோர் தனித்திறங்கவில்லை. அவர்கள் நின்ற நீரின் அளவு அவர்களுக்குத் தெரிந்திருந்தது. படகும் பயிற்சியும் உடையோர் அருகே நின்றனர். ஒருவர் தளர்ந்தால் மற்றவர் பற்றிக்கொள்ளக்கூடிய நிலை இருந்தது. வாக்கடியிலோ இவற்றுள் எதுவும் இல்லை. ஆகவே வேறுபாடு துணிவுக்கும் தயக்கத்துக்கும் இடைப்பட்டதன்று. இரண்டிடத்தும் துணிவு இருந்தது; ஓரிடத்தில் அத்துணிவைத் தாங்கும் கூட்டுறவு இருந்தது. விரைவும் பாதுகாப்பும் பகையானவை எனத் தோன்றுவதற்குக் காரணம், பாதுகாப்பை ஆபத்து நேர்ந்தபின் தேடத் தொடங்குவதேயாகும். முன்னரே கிணற்றடியிற் கயிறும், முன்னரே உடலில் தடுப்பூசியும், முன்னரே கையில் தொலைபேசி எண்ணும் இருப்பின் விரைவு குறையாது.

எவ்வளவு ஆயத்தம் இருப்பினும் காக்க இயலாத உயிர்களும் உண்டு. அவற்றை விட்டு விலகுதல் பாவமா என்ற வினா தொண்டரின் மனத்தை நெடுநாள் வருத்துவது. வலிகாமத்து மக்கள் இதற்கு விடை கண்டதொரு நாள் வரலாற்றில் உண்டு. 1995 ஒக்டோபர் 30இல், போரின் நெருக்குதலாற் குடாநாட்டின் மேற்குப் பகுதி மக்கள் இலட்சக்கணக்கில் இரவோடிரவாகத் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தனர். வளர்த்த மாடுகளை உடன்கொண்டு செல்ல வழியில்லாதோர் அவற்றின் கயிற்றை அவிழ்த்துவிட்டுப் புறப்பட்டனர். காக்க முடியாத வேளையில் கட்டாமல் விடுதலாவது செய்யப்பட்டது. அச்செயல் கருணையின் தோல்வியன்று. தன் எல்லையை அறிந்த கருணையின் கடைசிச் செயல். இயலாமையை ஏற்று, இயன்ற சிறிதைச் செய்து விலகுதலும் அறத்தின் பாற்பட்டதே என்பதைத் தொண்டர் உணர்தல் வேண்டும். உணராதவர் குற்றவுணர்வினாலேயே அடுத்த கிணற்றிற் கயிறின்றி இறங்குவர்.

இதுகாறும் தொண்டரின் கடமையே பேசப்பட்டது. ஆயின் கரையில் நிற்போருக்குக் கடமை இல்லையா? தமிழகத்து இருளர் சமூகத்தின் வரலாறு இவ்வினாவைக் கூர்மையாக்குகின்றது. 1972ஆம் ஆண்டின் இந்திய வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தையடுத்துப் பாம்புத்தோல் வாணிகம் முடிவுற்றபோது, பாம்பு பிடித்தலையே தொழிலாகக் கொண்ட இருளர் வாழ்விழந்தனர். 1978இல் அவர்களுக்கென ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைக்கப்பட்டது. சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் அது இயங்கி வந்துள்ளது. அங்கே பாம்பைக் கொல்லாது நஞ்சை மட்டும் எடுத்து மீண்டும் காட்டில் விடுகின்றனர். இந்தியாவில் ஆக்கப்படும் பாம்புக்கடி மாற்றுமருந்துக்குரிய நஞ்சிற் பெரும்பகுதி இவர்களிடமிருந்தே பெறப்பட்டு வந்துள்ளது. இலங்கை வைத்தியசாலைகளும் நெடுங்காலமாக இந்திய மாற்றுமருந்தையே நம்பியுள்ளன. எனவே புத்தூர்த் தோட்டத்தில் நாகமோ புடையனோ தீண்டப் பெற்று, யாழ்ப்பாணத்தில் உயிர்பிழைக்கும் ஒரு கமக்காரனின் வாழ்வு, அவன் கண்டிராத ஓர் இருளரின் கைக்குக் கடன்பட்டதாக இருத்தல் கூடும். 2023இல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்னும் இருளர் இருவருக்குப் பத்மசிறீ விருது வழங்கப்பட்டது. பாராட்டுத் தகும், ஆயினும் பாராட்டு மட்டுமே கடனைத் தீர்க்குமா என்பது கேட்கப்பட வேண்டியதே.

இடரை ஏற்போர் ஒருசிலர், பயனை நுகர்வோர் அனைவர் எனும் நிலை எங்கெல்லாம் உண்டோ, அங்கெல்லாம் பாதுகாப்பு தனிமனித எச்சரிக்கையாக மட்டும் இருத்தல் இயலாது. அது சமூகத்தின் நீதிக்கடனாகின்றது. மாலை சூட்டுவது எளிது. தடுப்பூசி பெற்றுக்கொடுப்பது சற்றுக் கடினம். தொண்டரின் துணிவைப் பேசும் கூட்டத்துக்கு ஆள் சேரும். பாழ்ங்கிணற்றுக்குக் கட்டு எழுப்பும் சிரமதானத்துக்கு ஆள் குறையும். ஆனால் அறவியல் நோக்கிற் பார்த்தால், கிணற்றுக்கு மூடியிட்டவன் பூனையையும் காத்தான், பூனையைக் காக்க இறங்கவிருந்தவனையும் காத்தான், அவனைத் தேடி இறங்கவிருந்தவரையும் காத்தான். அவனை எவரும் வீரனென்று அழைக்கமாட்டார். வீரம் தேவைப்படாத நிலையை உண்டாக்குதல் வீரத்திலும் உயர்ந்த அறம் என்பது இன்னும் பரவலாக உணரப்படவில்லை.

தொகுத்து நோக்கின், பிறவுயிர்க்கு அருளுதலும் தன்னுயிர் பேணுதலும் எதிரெதிர்த் திசையில் இழுக்கும் இருவேறு அறங்கள் அல்ல. தன்னுயிரும் உயிர்களுள் ஒன்றே. எல்லா உயிரிடத்தும் இரங்குக எனக் கூறும் அறம், இரங்குபவனின் உயிரை மட்டும் விலக்கி வைக்க நியாயமில்லை. மேலும் அவ்வுயிர் அவனுக்கு மட்டும் உரியதுமன்று. பெற்றோர், தோழர், நாளை அவன் மீட்கவிருக்கும் உயிர்கள் ஆகிய அனைத்தும் அதனோடு பிணைந்துள்ளன. பொருளை ஈயும்போது கணக்குப் பாராமை பெருமையாகலாம். உயிர்கள் பிணைந்த களத்தில் கணக்குப் பார்த்தலே பெருமை. எனவே குடாநாட்டின் ஏதேனுமோர் ஊரில் இனியொருகால் கிணற்றடியில் குரலெழும்போது, “ஆர் இறங்குவது” என்பது இரண்டாவது வினாவாகட்டும். “கயிறு எங்கே, அதனைப் பற்றி நிற்போர் எவர்” என்பதே முதல் வினாவாதல் வேண்டும். அவ்வினாவுக்கு விடை சொல்லும் கடன் இறங்குபவனுக்குரியதன்று. கரையில் நிற்கும் அனைவருக்கும் உரியது.